ஈரப்பதம்

ஜவ்வரிசி ஆலையில் எனக்கு
ஈரம் பார்க்கிற வேலை.
ஒரு பிடி அள்ளிக் கருவியில் போட்டால்
பன்னிரண்டு என்று காட்டும், எழுதிக்கொள்வேன்.
பதினாலு என்றால் திரும்பவும் வெயிலுக்கு.

மேகம் பார்ப்பதும் நான்தான்.
யாரும் சொல்லவில்லை, சம்பளத்திலும் சேராது.
சேர்வராயன் மலைமேல்
கையகலக் கருமை தெரிந்தால் போதும்,
வயிற்றுக்குள் தார்ப்பாய் விரியும்.

மேகம் இல்லாத நாளில்
செங்கோடன் ஓட்டுகிற ஏற்காடு பஸ்.
பஸ் பத்திரமாய் இறங்கிய நாளில்
மகளின் இருமல்.
இருமல் நின்ற நாளில்,
என்ன இவ்வளவு அமைதியாக இருக்கிறதே என்று.

இருபது கொண்டை ஊசி வளைவு.
ஒவ்வொன்றுக்கும் ஒரு சாவு வைத்திருந்தேன்.
ஏழில் பிரேக். பதினொன்றில் பாறை.
பதினாறில் எதிரே டூரிஸ்ட் வேன்.
தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார் என்று
போனில் சொல்கிற பெண்
எதையோ மறைக்கிறாள் என்று தோன்றும்.

பல் டாக்டர்தான் முதலில் கேட்டார்:
"ராத்திரியெல்லாம் எதைம்மா மெல்றீங்க?"
அதற்கு முன்பே மூன்று ஈ.சி.ஜி., தைராய்டு டெஸ்ட்,
மந்திரித்த கயிறு ஒன்று.
எல்லாம் நார்மல்
என்பதே ஒரு கவலை.

அஸ்தம்பட்டியில் மருந்துக்கடைக்கு மேல்மாடி.
ரெஜினா மேடம்.
கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு
மேசையெல்லாம் அதைத் தேடுகிறவர்.
கவலைப்படாதீங்க என்று
சொல்லாத முதல் ஆள்.
"கவலைப்படறத நிறுத்திட்டா
என்ன ஆகும்னு நினைக்கிறீங்க, நவமணி?"
ஃபேன் கொஞ்ச நேரம் சுற்றியது.
"பஸ் விழுந்துடும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது.
ஆக, பதினோரு வருஷமாய்
அந்த பஸ்ஸை ஓட்டியது நான்.
அயோத்தியாப்பட்டணத்துக் காயப்போடும் களத்தில் நின்றபடி,
ஸ்டியரிங் இல்லாமல்,
தாடையால்.

நோட்டு வாங்கி நடுவில் கோடு போடச் சொன்னார்.
இடப்பக்கம், நடக்கும் என்று நான் சொல்வது.
வலப்பக்கம், நடந்தது.
கவலைக்கு என்று தனியாக நேரம்,
சாயங்காலம் ஐந்தரையிலிருந்து முக்கால் வரை.
நடுவில் வந்தால், ஐந்தரைக்கு வா என்று
அனுப்பிவிட வேண்டும்.
சிலது கேட்கவில்லை, களத்திலேயே கூட நடந்தது.
சிலது ஐந்தரைக்கு வரவேயில்லை.
தட்டுவடை செட் வாங்கி வைத்துக்கொண்டு
மாப்பிள்ளை வீட்டாருக்குக் காத்திருப்பதுபோல்
காத்திருந்து
நானே தின்றேன்.

எளிது என்று நினைத்துவிடாதீர்கள்.
அவருக்குப் போன் போடாமல் இருந்த முதல் நாள்
கருவி பத்தொன்பது காட்டியது.
மறுபடி போட்டேன். பத்தொன்பது.
கண்ணம்மா அக்கா அள்ளிப் போட்டாள், பன்னிரண்டு.
என் உள்ளங்கையைத்தான்
அளந்திருக்கிறேன்.

வலப்பக்கம் நிறைந்துகொண்டே வந்தது.
வந்து சேர்ந்தார்.
வந்து சேர்ந்தார்.
வந்து சேர்ந்தார், பேரிக்காய் வாங்கி வந்தார்.
வந்து சேர்ந்தார், சண்டை.

ஆவணியில் ஒரு புதன்கிழமை.
இடப்பக்கத்தில் ஒன்றுமே எழுதாத நாள்.
மலை சுத்தமாய் இருந்தது,
மழை ஆத்தூர்ப் பக்கமிருந்து வந்தது.
அந்தப் பக்கம் நான் பார்த்ததே இல்லை.
தார்ப்பாயின் ஒரு முனை என் கையில்,
மறுமுனை கண்ணம்மா அக்காவிடம்,
முழங்கால்வரை மாவுச் சேறு.
நாற்பது மூட்டை போயிற்று.
முதலாளி கத்தினார். நியாயம்தான்.
அன்று இரவு தூங்கினேன்.
வயிறு எங்கே இருந்தது என்று
காலையில்தான் யோசித்தேன்.

"நடந்துடுச்சு மேடம்."
"அப்புறம்?"
"அப்புறம் என்ன, காய வச்சோம்."
அவர் சிரிக்கவில்லை, எழுதவுமில்லை.
கண்ணாடியைத் தேடினார்.
தலையில் இருக்கிறது என்றேன்.

இன்றைக்கும் மலைமேல் கருத்திருக்கிறது.
செங்கோடன் எந்த வளைவில் என்று தெரியாது.
வயிற்றில் அது
மெல்ல விரிகிறது.
விரியட்டும்.
ஒரு பிடி அள்ளிப் போடுகிறேன்.
பன்னிரண்டரை.
எழுதிக்கொள்கிறேன்.